அக்கா வீட்டு மசால் பொடி

அக்டோபர் 27, திங்கள். விருதுநகர்

மூன்று நாளாக மூடிக் கிடந்த வானம் இன்றைக்குத்தான் கொஞ்சம் கண் திறந்தது. விடிந்ததும் விடியாததுமாக மிளகாய் வத்தலையும் மல்லியையும் மொட்டை மாடியில் கொட்டிப் பரப்பினேன். ஐப்பசியில் எவளாவது மசால் பொடிக்குக் காயப் போடுவாளா? ஊரே பங்குனி, சித்திரை வெயிலில் வருஷத்துப் பொடியை அரைத்து வைத்துக்கொள்கிறது. நானும் அரைத்தேன். அது ஆடி முடிவதற்குள் தீர்ந்துபோனது. நெதர்லாந்தில் ஐன்ட்ஹோவன் என்ற ஊரில் இருக்கும் என் மகள் வினோதினி, "உன் பொடி இல்லாம வராதம்மா, கடைப்பொடி தின்னு நாக்கு செத்துப்போச்சு" என்று போனில் சொல்லிவிட்டாள். மகள் சொன்னது வானத்துக்குக் கேட்கவா போகிறது.

மதியம் பக்கத்து வீட்டுச் சுந்தரவடிவு அக்காவும் என்னோடு மில்லுக்கு வந்தார். அவர் மகன் தெய்வேந்திரனும் அதே ஊரில்தான் வேலை பார்க்கிறான். நான் போகிறேன் என்று தெரிந்ததிலிருந்து அவனுக்கும் ஒரு பொட்டலம் கொண்டுபோ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சித்திரையில் காயவைத்து டின்னில் அடைத்த வத்தலை அக்கா கொண்டுவந்தார். ஒடித்தால் படக்கென்று ஒடிந்தது. என்னுடையது லேசாக வளைந்தது. வறுத்துத்தானே கொண்டுபோயிருக்கிறேன், போதும்.

அக்கா தன் சாமானோடு சுக்கைத் தட்டிப் போட்டார். அவர் வீட்டுக்காரருக்கு வயிறு சரியில்லாத காலத்தில் ஆரம்பித்த பழக்கம். மனுஷன் போய்ச் சேர்ந்த பிறகும் விடவில்லை. குழம்புப் பொடியில் சுக்கு எதற்கு என்று எனக்கு ஒருநாளும் புரிந்ததில்லை.

அரைத்து முடித்ததும் அக்கா பொடியைப் பேப்பரில் பரப்பிவிட்டு மில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ஆறட்டும் ஜெயக்கொடி. சூட்டோட கட்டுனா வேர்த்துப்போகும்" என்றார்.

"சத்துணவு அமைப்பாளரா இருந்தவகிட்டயே பொடியப் பத்திச் சொல்றீங்களாக்கா" என்றேன். பெட்டி இன்னும் கட்டவில்லை. மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கவர் போட்டு, பக்கத்துக் கடையில் வாயை ஒட்டி வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அக்டோபர் 29, புதன்

அக்கா தன் பொட்டலத்தை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தார். வந்தவர் போகாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீயே அவன் கையில குடு. ஃப்ரீசர்ல வைக்கச் சொல்லு. கொஞ்சம் கொஞ்சமா கண்ணாடிப் பாட்டில்ல எடுத்து வச்சுப் புழங்கணும். ஈரக் கரண்டி போடக் கூடாது. அடுப்புக்கு மேல வைக்கக் கூடாது."

"சரிக்கா, சரி."

"இன்னொண்ணு. கோயம்புத்தூர்ல ஏதோ முதியோர் இல்லமாம், ஏசி ரூமாம், நர்சு இருக்காகளாம். போங்கம்மா, போங்கம்மான்னு பிடுங்கி எடுக்கான். என் வீட்ட விட்டுட்டு நான் எங்கிட்டுப் போவேன்? இந்தப் பொடியத் தின்னு பாக்கட்டும். அம்மா இன்னும் திடமாத்தான் இருக்கான்னு நாக்கு சொல்லும்ல."

எழுபத்து நாலு வயதில் நடை ஒன்றும் தளரவில்லை. ஆனாலும் பொடியை வைத்துப் பரீட்சை எழுதுகிறார் பாவம் என்று நினைத்துக்கொண்டேன். என்னைவிடப் பத்து, பன்னிரண்டு வயது மூத்தவர். எனக்கு இன்னும் அந்த நிலைமை வரவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி. ஐன்ட்ஹோவன்

வந்து சேர்ந்தேன். மூக்கு நுனியில் உணர்வே இல்லை. மாப்பிள்ளை நவநீதன் விமான நிலையத்துக்கே கம்பளிக் கோட்டோடு வந்திருந்தார். நல்ல பிள்ளை.

குளித்துவிட்டு வரும்போது அடுக்களையில் மாப்பிள்ளை மெதுவாகச் சொல்வது காதில் விழுந்தது. "அத்தைய எத்தன நாளைக்கு அங்க தனியா விடுறது? போன வருஷம் மாதிரி கேஸ அணைக்காம வெளிய போயிட்டா?" வினோதினி, "வீட்ட வித்துரலாம்னு சொன்னா சண்டைக்கு வருவாங்க. பாத்துக்கலாம்" என்றாள்.

அது பால். அடுப்பில் வைத்துவிட்டுத் தபால்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். யார் வீட்டில்தான் பால் தீயவில்லை? பாத்திரம் போயிற்று, அவ்வளவுதான். அதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நவம்பர் 1

அசதி. பொடியைத் திறக்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

இரண்டு பேரும் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பொட்டலத்தைப் பிரித்தேன். கை வைத்ததுமே தெரிந்துவிட்டது. பொலபொலவென்று விழவேண்டிய பொடி கட்டி கட்டியாக வந்தது. முகர்ந்தால் மழைக்காலத்துச் சாக்கு வாடை.

மில்லுக்காரன் கல்லைத் துடைக்காமல் போட்டிருப்பான். வேறொன்றும் இல்லை. விமானத்தில் பெட்டியை எங்கே போட்டார்களோ, அதுவும் இருக்கும்.

கட்டிகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியை வாணலியில் புரட்டினேன். பூஞ்சை இல்லை, கண்ணாடி போட்டு நன்றாகப் பார்த்துவிட்டேன். சலித்தால் தெரியாது என்று நினைத்தேன். அடுப்பைக் குறைக்க விட்டுப்போயிற்று போல. புகை கிளம்பி, கூரையில் இருந்த கருவி வீல் வீலென்று கத்த ஆரம்பித்தது. நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறி, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தேன். அவர்கள் வந்தபோது வீடு ஐஸ் பெட்டியாகக் கிடந்தது.

"என்னம்மா வாடை?"

"அப்பளம் சுட்டேன்" என்றேன்.

வினோதினி மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

நவம்பர் 3, திங்கள்

தெய்வேந்திரன் நாளை வருகிறான்.

இரண்டும் ஒரே மில். ஒரே கடைக் கவர். ஒரே ஊர் வத்தல். அவன் ஆம்பிளைப் பிள்ளை, பகலெல்லாம் ஆபீசில் ரொட்டி தின்கிறவன், அவனுக்கு என்ன தெரியப்போகிறது? என் மகளுக்குத் தெரியும். ஒரு வாய் வைத்ததும் அம்மாவுக்குக் கை போய்விட்டது என்பாள். அடுத்த வாய்க்கு வீட்டு விலை பேசுவார்கள்.

அக்காவின் பொடி என் டப்பாவில் இருக்கிறது. என்னுடையது மஞ்சள் பையில் இருக்கிறது. இதைப் பற்றி எழுத இதற்குமேல் ஒன்றுமில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

தெய்வேந்திரன் ஆபீஸ் முடிந்து நேராக வந்தான். தலை நரைக்க ஆரம்பித்திருக்கிறது. "சித்தி, நல்லா இருக்கீங்களா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நாலு வயதில் எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறி விழுந்த பயல்.

மஞ்சள் பையை வாங்கி நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டான். ஃப்ரீசர், கண்ணாடிப் பாட்டில், ஈரக் கரண்டி, அடுப்புக்கு மேல் வைக்காதே, எல்லாவற்றையும் அக்கா சொன்னபடி ஒன்று விடாமல் சொன்னேன். அந்த மட்டில் நாணயமாகத்தான் நடந்துகொண்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வினோதினியோடு வேலை பார்க்கும் இரண்டு குடும்பம் சாப்பிட வந்தது. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், ரசம். சட்டியை வழித்துத் துடைத்துவிட்டார்கள். ஒரு பெண் அளவு கேட்டு எழுதிக்கொண்டாள்.

"இந்தத் தடவ பொடி வேற லெவல்மா" என்றாள் வினோதினி. "என்னமோ புதுசா போட்டிருக்க. சுக்கா?"

"ஆமா" என்றேன்.

"பாருங்க நவநீ, எங்கம்மாவுக்கா வயசாச்சு?"

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

தெய்வேந்திரன் போன் செய்தான். சுற்றி வளைத்துப் பேசினான். குளிர் எப்படி, தூக்கம் வருகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் வந்தான்.

"சித்தி, அம்மா பொடி அரைக்கும்போது நீங்க கூடப் போனீங்களா?"

"மில்லுக்குத்தான் சேந்து போனோம். ஏம்ப்பா?"

"பொடி கருகிக் கெடக்கு சித்தி. ஒரு மாதிரி மக்குன வாடை வேற. சுக்கே போடல. முப்பது வருஷமாப் போடுறவங்க. எங்கம்மா கையில இப்பிடி வந்து நான் பாத்ததே இல்ல. நான் அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லிக்கல. மனசு கஷ்டப்படுவாங்க."

"மழைக்காலம்லப்பா" என்றேன்.

"வத்தல் சித்திரையிலயே காயவச்சதுன்னாங்களே."

குக்கர் விசில் வந்தது. அதைச் சாக்கிட்டுப் போனை வைத்தேன். அவன் சொல்லாமல் இருந்தால் சரி. அக்காவுக்குத் தெரிய வேண்டாம். யாருக்கும் ஒன்றும் குடி முழுகவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

சொல்லிவிட்டான். அக்கா எனக்குப் போன் போட்டார்.

"ஜெயக்கொடி, நீ மில்லுல என் பக்கத்துலதான நின்ன. நான் சுக்கு போட்டேன்ல?"

மில் சத்தத்தில் அக்கா சுக்கைத் தட்டிய ஓசைகூட எனக்கு நினைவிருக்கிறது. காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து, கடைசியில் போட்டுவிட்டு, காகிதத்தையும் ஒரு உதறு உதறினார்.

"நான் சரியாக் கவனிக்கலையேக்கா."

"அப்பிடியா" என்றார். "போட்ட மாதிரிதான் இருக்கு. இல்ல, அது போன வருஷத்து நெனப்போ என்னமோ. கருகல் வாடை வேற வருதாம். நான் அடுப்பச் சின்னதா வச்சுத்தான வறுத்தேன்?"

"இருக்கும்க்கா. விடுங்க."

விடுங்க என்று சொல்லிவிட்டேன். அந்த வாயில் சூடு போட வேண்டும்.

நவம்பர் 19

துணி துவைத்தேன். இங்கே வெயிலே இல்லை.

நவம்பர் 30, ஞாயிறு

வினோதினி என்னைக் கேட்காமலே தெய்வேந்திரனையும் அவன் மனைவி ஷர்மியையும் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். ஊர்க்காரன், நம்ம அம்மா கையால் ஒருநாள் தின்னட்டுமே என்றாள். பொடி போடாத சமையலாகச் செய்யலாம் என்று மோர்க்குழம்பு, கூட்டு என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் வேண்டாம், கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைய்யி" என்று காயை அவளே நறுக்கிக் கொடுத்துவிட்டாள். டப்பாவிலிருந்து பொடியை அள்ளிப் போட்டதும் அவள்தான்.

தெய்வேந்திரன் முதல் வாய் எடுத்து வைத்தான். அப்புறம் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"சித்தி. இது எங்கம்மா குழம்பு."

எல்லாரும் சிரித்தார்கள். ஊர்க்காரர்கள் கைப்பக்குவம் ஒன்றாகத்தானே இருக்கும் என்று மாப்பிள்ளை சொன்னார். அவன் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"அக்கா சொல்லித்தான் நானும் இந்தத் தடவ சுக்கு போட்டேன்."

அவன் என்னையே பார்த்தான். "உங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுத் தனக்குப் போட மறந்துட்டாங்க" என்றான்.

கை கழுவும் இடத்தில் என்னோடு தனியாக வந்து நின்றான். "சித்தி, நீங்க பக்கத்து வீடு. தினம் பாக்குறீங்க. ஒளிக்காமச் சொல்லுங்க. அம்மாவுக்கு மறதி வந்திருச்சா?"

கூடத்தில் வினோதினி காது கொடுத்து நிற்பது போல எனக்குத் தோன்றியது. உண்மையில் அவள் ஷர்மியோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

"வயசாகுதுல்லப்பா" என்றேன்.

மூன்று வார்த்தைகூட இல்லை. அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. புறப்படும்போது வினோதினி ஒரு ஜாடி நிறையப் பொடியை அள்ளி அவன் கையில் கொடுத்தாள். சொந்தத் தாய் அரைத்த பொடியை என்னிடமிருந்து தானமாக வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி சித்தி" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

தூ. நானும் ஒரு மனுஷியா?

டிசம்பர் 12, வெள்ளி

அக்கா போன். குரலே மாறியிருக்கிறது. முன்பெல்லாம் எடுத்ததும் ஊர்க்கதை அளப்பார். இன்றைக்குத் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"கேஸ மூடிட்டுப் படுத்தா, மூடுனேனான்னு சந்தேகம் வந்துருது. எந்திரிச்சுப் போய்ப் பாக்கேன். திரும்ப வந்து படுத்தா திரும்பச் சந்தேகம். நேத்துக் குழம்புக்கு உப்பு போட்டேனா போடலையான்னு தெரியாம ரெண்டு தடவ போட்டுட்டேன். இத்தன நாளு இப்பிடித்தான் இருந்திருக்கேன் போல. கூட இருந்து சொல்ல ஆள் இல்லாமப் போச்சு."

"அதெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதான்க்கா. எனக்கும் வரும்."

"உனக்கென்ன, நீ இரும்பு."

மிச்சமிருந்த பொடியை எல்லாம் எங்கள் தெருவில் இருக்கும் பெண்களுக்குக் கொடுத்துவிட்டாராம். தன் கையை நம்பித் தின்னப் பயமாக இருக்கிறதாம். அந்தப் பெண்கள் தின்று பார்த்துச் சுக்கு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னார்களா என்று கேட்டேன். "ஆளுக்கு ஒரு கரண்டி குடுத்தேன், நல்லா இருக்குன்னாளுக. மொகத்துக்கு நேரா வேற என்ன சொல்லுவாளுக" என்றார்.

டிசம்பர் 13

சொல்ல வேண்டும். இன்றைக்கு அல்ல. மாப்பிள்ளைக்குப் பிறந்தநாள்.

டிசம்பர் 19, வெள்ளி

தெய்வேந்திரன் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊருக்குப் போகிறானாம். கோயம்புத்தூர் இல்லத்தில் அறைக்குச் சொல்லிவிட்டான். பொங்கலுக்குள் அக்காவைக் கொண்டுபோய் விடுகிறான். வினோதினி சாப்பிடும்போது சொன்னாள். "பாவம். ஆனா அதான்மா நல்லது" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து தயிரைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

ஒரு வீடு. அக்கா மருமகளாக வந்து, பிள்ளை பெற்று, கணவனைத் தூக்கிக் கொடுத்த வீடு. என் அவசரத்துக்காக, என் வீறாப்புக்காக அது போகிறது. சூடு ஆறும்வரை அந்தப் பெஞ்சில் உட்கார எனக்கு என்ன கேடு?

டிசம்பர் 20, சனி

சொல்லிவிட்டேன்.

தெய்வேந்திரனைப் போனில் கூப்பிட்டு, எடுத்ததும் மூச்சு விடாமல் சொன்னேன். "உங்கம்மா பொடி என் டப்பாவுல இருந்துச்சு. ஒனக்குக் குடுத்தது என் பொடி. என்னோடது கெட்டுப்போச்சு, வறுத்துக் கருக்குனதும் நான்தான். வேணும்னே மாத்திக் குடுத்தேன். உங்கம்மா சுக்கு போட்டாங்க. நான் கண்ணால பாத்தேன்."

அவன் கேட்டது வேறு.

"அம்மா உங்ககிட்டப் பேசுனாங்களா சித்தி? போக வேணாம்னு அழுதாங்களா?"

"அவங்க ஒண்ணும் சொல்லல. நான் சொல்றது நெசம்."

"அம்மா சொல்லிக் குடுத்து நீங்களும் சுக்கு போட்டதா நீங்கதான சொன்னீங்க."

"அது பொய்."

"எது பொய் சித்தி?" என்றான். கோபமாக இல்லை, அதுதான் கொடுமை. சின்னப் பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டான். "மறதின்னு நீங்களே சொன்னீங்க. அம்மாவே இப்ப ஒத்துக்கிட்டாங்க. கேஸ், உப்பு எல்லாம் சொன்னாங்க. தனியா இருக்கப் பயமா இருக்குன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. நீங்க அவங்களுக்காகப் பழியத் தூக்கிப் போட்டுக்கிறீங்க. பெரிய மனசு சித்தி ஒங்களுக்கு."

"அந்த ஜாடியில இருக்கிறது உங்கம்மா பொடிதான்ப்பா."

"அது தீந்துபோச்சு" என்றான்.

திரும்பினால் வாசலில் வினோதினி நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவளிடமும் சொன்னேன். அப்பளம் பொய், கூரைக் கருவி கத்தியது, எல்லாம் சொன்னேன். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"நீ ரொம்பக் கொழம்பிப் போயிருக்கம்மா. வா, வந்து படு. ஊருக்குப் போனதும் ஒரு டாக்டர்கிட்டக் காட்டிருவோம்."

டிசம்பர் 21, ஞாயிறு

அக்காவிடமும் சொன்னேன். போனில் சொல்லக் கூடாத விஷயம்தான், ஆனால் நேரில் சொல்ல நாள் இல்லை. அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் சிரித்தார். "தெய்வா சொன்னான், சித்தி இப்பிடி ஒரு கதை சொல்லுதுன்னு. கிறுக்கச்சி. இத்தன வருஷம் சத்துணவுல ஒரு பிடி பருப்ப முந்தானையில முடியாதவ நீ. நீயா எம் பொடிய எடுப்ப? போடி அங்கிட்டு."

"சத்தியமாக்கா."

"சத்தியம் பண்ணாத. எனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணி அந்தப் பாவத்த நீ சொமக்காத. நான் மறந்துட்டேன், அவ்வளவுதான். மறந்தவளுக்கே அது தெரியாதாம்ல, டிவியில ஒரு டாக்டர் சொன்னாரு."

எத்தனை தடவை சொன்னாலும் உண்மை அவர் காதுக்குள் போகும்போது அன்பாகிவிடுகிறது. நல்ல பேர் எடுத்து வைத்ததும் தப்பாய்ப் போயிற்று.

ஜனவரி 4

டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். வினோதினி கடையில் பொடி வாங்கிவந்திருக்கிறாள். அவள் என்னைச் சமைக்க விடுவதில்லை.

ஜனவரி 27, செவ்வாய். விருதுநகர்

விசா நாள் முடிந்தது, வந்துவிட்டேன். பக்கத்து வீட்டில் பூட்டு. வாசலில் கோலம் இல்லை, வேப்பஞ்சருகு குவிந்து கிடக்கிறது. பொங்கலுக்கு முந்தின நாளே கூட்டிக்கொண்டு போய்விட்டானாம். அக்கா காரில் ஏறுமுன் திரும்பி ஒருதரம் உள்ளே போய்க் கேஸை மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்ததாக எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். சொல்லிச் சிரித்தாள். எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது. அறை விழ வேண்டியது எனக்கு.

பிப்ரவரி 8, ஞாயிறு

கோயம்புத்தூர் போய்வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து முதுகு போய்விட்டது. இல்லம் சுத்தமாக இருக்கிறது, குறை சொல்ல முடியாது. வழுவழுவென்று தரை, பிடித்து நடக்கச் சுவரோரம் கம்பி. அக்கா மெலிந்திருக்கிறார். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

சாப்பாட்டு அறையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் என்னைக் காட்டி, "நான் சொன்னேன்ல, எங்க ஜெயக்கொடி. என்னை இங்க அனுப்பக் கூடாதுன்னு, தான் செஞ்ச தப்புன்னு சொல்லி எம் மகன்கிட்டயே வாதாடுனவ" என்றார். ஒரு அம்மாள் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்து, "இப்பிடி ஒரு மனுஷி எனக்கு வாய்க்கலையே" என்றார்.

"நான் செஞ்சதுதாங்க. நெசமாவே நான்தான் செஞ்சேன்" என்றேன்.

எல்லாரும் அக்காவைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார்கள். பாத்தியா, பாத்தியா என்று அக்கா பெருமையாகச் சொன்னார். நான் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. மதியச் சாப்பாடு வந்தது. சாம்பாரில் பெருங்காயம் தவிர ஒன்றும் இல்லை. அக்கா முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். அடுக்களைப் பக்கம் போவீர்களா என்று கேட்டேன். "விட மாட்டாக. சரிதான, நானே என்னைய நம்பல" என்றார்.

புறப்படும்போது பெட்டியைத் திறந்து வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். வீட்டை விற்கப்போகிறார்களாம். தெய்வேந்திரன் தரகரிடம் சொல்லிவிட்டான். யாராவது பார்க்க வந்தால் திறந்து காட்ட ஒரு ஆள் வேண்டும்.

"உன்ன விட்டா எனக்கு நம்பிக்கையான ஆளு யாரு இருக்கா?" என்றார். "மேல்மாடிக் கைப்பிடிச் செவரு கொஞ்சம் விரிசல் விட்டிருக்கு, அதக் கேட்டாச் சொல்லு, ஒளிக்காத. சமையக்கட்டுல காலை வெயில் நல்லா விழும். அதையும் சொல்லு."

சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். நாளைக் காலையிலேயே ஒரு குடும்பம் பார்க்க வருகிறதாம். வெள்ளன எழுந்து அந்தச் சருகைக் கூட்ட வேண்டும்.